கோவிட் தொற்றிலிருந்து வீட்டிலேயே தேறிவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட் தொற்று கண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் படுக்காமலேயே குணமடைகிறார்கள். அவர்களுக்கும், அவர்களை அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கும் மீண்டும் மீண்டும் எழுகின்ற கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். ஒரே வீட்டில் மூவர் அடுத்தடுத்துப் படுத்தபோது இரவும் பகலும் கூட இருந்து பார்த்துக்கொண்டவன். அப்போது கண்டதிலிருந்தும் பின்னர் படித்தறிந்ததிலிருந்தும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் தேறுபவர்கள் இரண்டு வேளைகளில்தான் ஏமாந்துபோகிறார்கள். முதல் வாரம் கடந்ததும் இனிப் பயமில்லை என்று கவனம் தளர்கின்ற வேளை ஒன்று. காய்ச்சல் விட்டதும் பழைய வேகத்தில் வேலைகளைத் தொடங்கிவிடுகின்ற வேளை மற்றொன்று. ஆகவே அந்த இரண்டையும் பற்றிய விடைகள் இங்கே நீளமாக இருக்கும்.

எத்தனை நாட்களில் குணமாகும்?

லேசான தொற்று என்றால் காய்ச்சலும் உடம்புவலியும் சில நாட்களிலும், மற்ற அறிகுறிகள் ஓரிரு வாரங்களிலும் அடங்கிவிடுகின்றன. இருமலும் அசதியும் மட்டும் பல வாரங்கள் தங்கக்கூடும். அவை தங்கியிருப்பதாலேயே பிறருக்குத் தொற்றைப் பரப்பிக்கொண்டே இருக்கிறோம் என்று அஞ்ச வேண்டியதில்லை.

முதல் வேலையாக நாள் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது பலர் செய்யும் பிழை. தொண்டைக் கரகரப்போ, காய்ச்சலோ, உடம்புவலியோ முதன்முதலில் தோன்றிய நாளிலிருந்து எண்ண வேண்டும். மருந்து தொடங்குவதற்கான கெடு, தனித்திருக்கும் காலம், கூடுதலாகக் கவனிக்க வேண்டிய நாட்கள் ஆகிய எல்லாமே அந்த நாளையொட்டியே கணக்கிடப்படுகின்றன. அந்தத் தேதியை ஒரு தாளின் தலைப்பில் எழுதி, அதன் கீழே ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் உடல் வெப்பம், ஆக்சிஜன் அளவு, உட்கொண்ட மருந்து, குடித்த நீர் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். தூக்கமில்லாத மூன்றாம் இரவில் எந்த மாத்திரையை எப்போது கொடுத்தோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இரண்டாம் வாரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

முதல் சில நாட்களில் வைரஸ் உடலில் பெருகுகிறது. காய்ச்சலும் வலியும் அதை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் வெளிப்பாடு. சிலருக்கு, வைரஸ் குறையத் தொடங்கிய பிறகும் நோயெதிர்ப்பு மண்டலம் அடங்காமல் நுரையீரலில் அழற்சியை உண்டாக்குகிறது. நோய் கடுமையாகிறவர்களுக்கு அது பெரும்பாலும் 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில், அதாவது சற்றுத் தேறிவிட்டோம் என்று தோன்றுகின்ற நேரத்தில்தான் தலைகாட்டுகிறது.

2021 நவம்பரில் கண்டறியப்பட்ட ஓமிக்ரான் வகையும் அதன் வழிவந்தவையும் மேல் சுவாசப் பாதையையே அதிகம் தாக்குகின்றன. தடுப்பூசியாலும் முந்தைய தொற்றுகளாலும் பலருக்கு எதிர்ப்பாற்றல் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டு காரணங்களால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் கண்டதுபோல நோய் முற்றுவது இப்போது குறைந்துள்ளது. ஆயினும் முதியவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் இது இன்றும் நேர்கிறது. ஒருமுறை விட்ட காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, நேற்றுவரை எளிதாக நடந்த தூரத்துக்கு இன்று மூச்சு வாங்கினாலோ, அதைப் பழைய காய்ச்சலின் மிச்சம் என்று ஒதுக்கிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யார் முதல் நாளிலேயே மருத்துவரிடம் பேச வேண்டும்?

65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை தொடர்பான நோயுள்ளவர்கள், மிகையான உடல் பருமன் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், கருவுற்ற பெண்கள், தடுப்பூசியே போட்டுக்கொள்ளாதவர்கள் ஆகியோர் அறிகுறி லேசாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இவர்களுக்கு உதவக்கூடிய வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கெடு உண்டு. நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் என்ற இரண்டும் சேர்ந்த பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்கி, தினமும் இருவேளையாக 5 நாட்கள் உட்கொள்ள வேண்டும். ரெம்டெசிவிர் ஊசியை 7 நாட்களுக்குள் தொடங்கி 3 நாட்கள் கொடுப்பார்கள். பாக்ஸ்லோவிட்டில் உள்ள ரிட்டோனாவிர், கல்லீரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இதனால் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகள், உறுப்பு மாற்று செய்தவர்கள் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் போன்றவை உடலில் அளவுக்கு மீறித் தேங்கக்கூடும். ஆகவே வழக்கமாக உட்கொள்ளும் அத்தனை மருந்துகளின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள் எவை?

அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறுவது, ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்குவது, மார்பில் விடாத வலியோ அழுத்தமோ இருப்பது, உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாக மாறுவது, எழுப்பினாலும் விழிக்காமல் மயக்கமாகவே கிடப்பது, நாள், இடம், ஆள் தெரியாமல் குழம்பிப் பேசுவது, சிறுநீர் மிகவும் குறைந்துபோவது, இருமலில் இரத்தம் வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலும் அசட்டை செய்யக் கூடாது. கோவிட் தொற்று இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவதால், காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முதியவர்களிடம் இந்த நோய் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமாகவோ, உணவை மறுப்பதாகவோ, நடக்கையில் தடுமாறி விழுவதாகவோ மட்டும் வெளிப்படலாம். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் நினைத்துவிடுவது என்னை மிகவும் வருத்தும் செய்தி.

ஆக்சிமீட்டரை எப்படிப் பயன்படுத்துவது, எந்த எண்ணுக்கு அஞ்ச வேண்டும்?

கோவிட் நோயாளிகளில் சிலருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் மூச்சுத்திணறலே தெரியாது. அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் கருவி மட்டும் 88 சதவீதம் என்று காட்டும். அதனால்தான் ஆபத்து மிகுந்தவர்களின் வீட்டில் இந்தச் சிறு கருவி இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அளப்பதற்கு முன் 5 நிமிடங்கள் அசையாமல் அமர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தால் நீக்கிவிட வேண்டும். விரல்கள் குளிர்ந்திருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரலையோ நடுவிரலையோ கருவிக்குள் முழுமையாக நுழைத்து, கையை மார்பளவில் அசையாமல் வைத்து, எண் நிலைத்து நிற்கும் வரை ஒரு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். மாட்டியவுடன் தெரிகின்ற முதல் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம்.

95 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பு. 93, 94 என்று நின்றால் சிறிது நேரம் கழித்து மீண்டும் அளந்து, அதே எண் வந்தால் அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இயல்பான அளவே குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்குரிய எல்லையை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தனித்த ஓர் எண்ணைவிட அதன் போக்கு கூடுதலாகச் சொல்லும். 98, 97, 96, 95 என்று நாளுக்கு நாள் இறங்கிவந்தால், ஒவ்வொன்றும் இயல்பின் எல்லைக்குள் இருந்தாலும், அது கவனிக்க வேண்டிய இறக்கம். ஓய்வில் எண் நன்றாகவும் மூச்சு சீராகவும் இருப்பவர், ஒருவர் துணையிருக்க, அறைக்குள்ளேயே 40 அடி எடுத்து வைத்துவிட்டு அளந்து பார்க்கலாம். அப்போது 3 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நம்மில் பலருக்குப் பொருந்துகின்ற ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோலின் நிறம் அடர்த்தியாக உள்ளவர்களுக்கு இந்தக் கருவி சில வேளைகளில் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்பதை 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே உடல் ஒன்றைச் சொல்ல, கருவி வேறொன்றைச் சொன்னால் உடல் சொல்வதையே நம்புங்கள்.

ஆக்சிமீட்டர் இல்லாவிட்டால் என்ன செய்வது?

நோயாளி ஓய்வாக இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல், மார்போ வயிறோ ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகம் தானாகவே மாறிவிடும். வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 30ஐத் தாண்டினால் அது கடுமையான நோயின் அடையாளம்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் என்ன உட்கொள்ளலாம்?

பாராசிட்டமால் போதும். வளர்ந்தவர்கள் ஒருவேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை உட்கொள்ளலாம், இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், மதுப்பழக்கம் உள்ளவர்களும் இதைவிடக் குறைவாகவே உட்கொள்ள வேண்டும் என்பதால், அவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். சளிக்கும் தலைவலிக்கும் கடையில் கிடைக்கின்ற கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கனவே கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து உட்கொண்டு, தெரியாமலேயே கல்லீரலுக்குக் கேடு விளைவித்துக்கொள்பவர்கள் உண்டு. அட்டையின் பின்புறத்தைப் படித்த பிறகே விழுங்குங்கள்.

இபுப்ரோஃபென் கோவிட்டை மோசமாக்கும் என்று 2020இல் பரவிய அச்சத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், நீரிழப்பு உள்ளவர்களும் அதைத் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறியை உண்டாக்கக்கூடும்.

ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு ஆகியவற்றை முன்னெச்சரிக்கையாகத் தொடங்கலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு நான் தயக்கமின்றி விடை சொல்வதற்குக் காரணம், அக்கறையுள்ள உறவினர்கள் அனுப்பிவைக்கும் பழைய மருந்துச் சீட்டுகளால்தான் பல வீடுகளில் இந்தத் தவறு தொடங்குகிறது.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. கோவிட்டுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்ட அசித்ரோமைசின், பெரிய ஆய்வுகளில் எந்தப் பயனையும் காட்டவில்லை. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஒட்டுண்ணிகளுக்கான மருந்தான ஐவர்மெக்டின் ஆகியவற்றின் கதையும் அதுவே. நோயாளிக்குப் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் கருதினால் மட்டுமே ஆன்டிபயாட்டிக்குக்கு இடமுண்டு.

ஸ்டீராய்டைப் பற்றி இன்னும் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் அது உயிரைக் காத்த மருந்தும்கூட. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற பெரிய ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வெளியானது. நாளொன்றுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது எந்த நன்மையும் செய்யவில்லை. அவர்களுக்குத் தீமையாகக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. காரணம் எளிது. இரண்டாம் கட்டத்தில் கட்டுமீறிப்போன அழற்சியை அடக்குகின்ற அதே மருந்து, முதல் கட்டத்தில் வைரஸுடன் போராடிக்கொண்டிருக்கும் நோயெதிர்ப்பையும் அடக்கிவிடும். அத்துடன் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். ஆகவே ஆக்சிஜன் அளவு இயல்பாக இருக்கும் ஒருவர், கோவிட்டுக்கென்று வீட்டில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொள்வது ஆபத்தான செயல்.

வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, கோவிட்டைக் கடுமையாக்கும் என்று தொடக்கத்தில் எழுந்த ஐயம் பின்னர் ஆய்வுகளில் நீங்கிவிட்டது. ஆஸ்துமாவுக்கு இழுப்பான் பயன்படுத்துபவர்களும், வேறு நோய்க்காக ஏற்கனவே ஸ்டீராய்டு உட்கொண்டு வருபவர்களும் அதைத் தொடர வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாப்பாடு குறைந்திருந்தாலும் தொற்றின் காரணமாகச் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால், வழக்கத்தைவிட அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முற்றாக நிறுத்திவிடக் கூடாது. வாந்தியும் பேதியும் இருக்கும்போது சில சர்க்கரை மாத்திரைகளையும் நீர்போக்கும் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஆவி பிடிப்பதும் வைட்டமின் மாத்திரைகளும் உதவுமா?

ஆவி மூக்கடைப்புக்குச் சற்று இதம் தரலாம், வைரஸைக் கொல்லாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் சுட்டுக்கொள்வது உண்டு என்பதால், குழந்தைகளுக்கு அதைச் செய்யவே வேண்டாம். வைட்டமின் சி, துத்தநாகம் ஆகியவற்றை அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் விரைந்து குணமானதாகத் தெரியவில்லை.

இருமலுக்கு என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான நீரை அடிக்கடி பருகுவதும், தலையணையை உயர்த்திப் படுப்பதும், ஒரு கரண்டித் தேன் உட்கொள்வதும் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் சிசுக்களுக்குக் கொடிய நச்சுப் பாதிப்பை உண்டாக்கக்கூடும். தொற்றுக்குப் பிந்தைய வறட்டு இருமல் 8 வாரங்கள் வரைகூட நீடிக்கலாம். அதற்கு மேலும் நீடித்தாலோ, எடை குறைந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும்.

மூச்சு வாங்கும்போது எப்படி அமர்வது?

இங்கே சொல்வது, ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் நடமாடும்போது மூச்சு வாங்குபவர்களுக்கு மட்டுமே. நாற்காலியில் அமர்ந்து சற்று முன்னே சாய்ந்து, முழங்கைகளைத் தொடைகளின் மீதோ மேசையின் மீதோ ஊன்றித் தோள்களைத் தளர விடுங்கள். மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல, குவித்த உதடுகளின் வழியே நிதானமாக வெளியே விடுங்கள். வெளிவிடும் நேரம் உள்ளிழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும். மாடிப்படி ஏறும்போது முயற்சியின் கணத்தில் மூச்சை வெளிவிடப் பழகினால் ஏறுவது எளிதாகும். படுக்கையில் ஒருக்களித்து, தலையும் கழுத்தும் தாங்கப்பட்ட நிலையில் படுப்பதும் பலருக்கு இதம் தருகிறது. குப்புறப் படுப்பது மருத்துவமனையில் ஆக்சிஜன் பெறுபவர்களுக்குப் பயன்படுகின்ற முறை. ஆக்சிஜன் 92க்கோ அதற்குக் கீழேயோ இறங்கிய ஒருவரை வீட்டிலேயே குப்புறப் படுக்கவைத்துக் காத்திருப்பது பொன்னான நேரத்தை இழப்பதாகும்.

உணவும் நீரும் எப்படி இருக்க வேண்டும்?

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும். வாந்தியோ பேதியோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுசிறு மிடறாகக் கொடுக்கலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு நீரின் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால் அதையே கடைப்பிடிக்க வேண்டும். படுக்கையில் கிடக்கும் நாட்களில் தசை வேகமாக மெலிவதால் புரதம் மிகுந்த உணவு முக்கியம். பசியில்லாதவருக்கு மூன்று பெரிய வேளைகளுக்குப் பதிலாக ஆறு சிறிய வேளைகளாகக் கொடுத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் தனித்திருக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அறிகுறி உள்ளவர்கள் அது தோன்றிய நாளிலிருந்து 10 நாட்களும், அறிகுறியே இல்லாதவர்கள் சோதனையில் தெரிந்த நாளிலிருந்து 5 நாட்களும் தனித்திருக்கலாம். வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனையான ஆன்டிஜென் சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் முன்னதாகவே வெளிவரலாம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையங்கள் 2024 மார்ச்சில் விதியை மேலும் தளர்த்தின. காய்ச்சல் மருந்தில்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்து, மற்ற அறிகுறிகளும் குறைந்து வந்தால் வெளிவரலாம். அதன்பின் 5 நாட்கள் முகக்கவசம், இடைவெளி ஆகிய கவனத்துடன் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் நாட்டில் எந்த விதி நடப்பில் உள்ளதோ அதுவே உங்களுக்குரியது. வீட்டில் முதியவரோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், குறைந்தபட்ச நாட்களோடு நிறுத்திக்கொள்ளாமல் முழு 10 நாட்களையும் கடைப்பிடிப்பதே அன்புடைய செயல் என்பேன்.

இந்த வைரஸ் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் நுண்துளிகள் வழியே பரவுகிறது. அவை காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதந்திருக்கும். ஆகவே தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதைவிடச் சன்னல்களைத் திறந்துவைப்பது பெரும்பயன் தரும். நோயாளியின் அறைக்குள் போகும்போது நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் முகத்தோடு நன்றாகப் பொருந்துகின்ற என்-95 வகைக் கவசத்தை அணிந்துகொள்ள வேண்டும்.

குணமான பிறகும் சோதனையில் தொற்று என்று வருவது ஏன்?

ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வைரஸின் மரபணுத் துணுக்குகளைத் தேடுகிறது. செத்த வைரஸின் மிச்சங்கள்கூட வாரக்கணக்கில் அகப்படும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து மனம் நோக வேண்டாம். பிறருக்குத் தொற்றும் நிலையைக் கணிக்க ஆன்டிஜென் சோதனையே பொருத்தமானது. தேறிய சில நாட்களில் அறிகுறியும் ஆன்டிஜென் சோதனைக் கோடும் மீண்டும் தோன்றுவது, வைரஸ் எதிர்ப்பு மருந்து உட்கொண்டவர்களுக்கும் உட்கொள்ளாதவர்களுக்கும் நேர்கிறது. பெரும்பாலும் லேசாகவே கடந்துபோகும். அந்த நாட்களில் மீண்டும் தனித்திருக்க வேண்டும்.

மணமும் சுவையும் எப்போது திரும்பும்?

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்புகின்றன. சிலருக்குப் பல மாதங்கள் ஆகின்றன. வைரஸ் மணத்தை உணரும் நரம்பணுக்களைவிட, அவற்றைத் தாங்கி நிற்கும் துணையணுக்களையே முதன்மையாகத் தாக்குகிறது என்பதால் மீட்சிக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மீளும்போது பழகிய மணங்கள் கருகிய நாற்றமாகவோ அழுகல் நாற்றமாகவோ தோன்றக்கூடும். உண்பதையே வெறுக்கவைக்கும் இந்த நிலை, நரம்புகள் மீண்டும் இணைந்துவருவதன் அறிகுறியாகப் பலருக்கு அமைகிறது.

மணப் பயிற்சி எளிது, செலவு குறைந்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கின் மணத்தையும், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 20 வினாடி, காலையும் மாலையும் முகர்ந்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று மனத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். பல மாதங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அதுவரை எரிவாயுக் கசிவும் கெட்டுப்போன உணவும் உங்களுக்குத் தெரியாது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டுவிட்டது. எப்போது வேலைக்கும் உடற்பயிற்சிக்கும் திரும்பலாம்?

இந்தக் கேள்வியை நோயாளிகள் அவசரத்தோடு கேட்கிறார்கள். நான் நிதானமாக விடை சொல்ல விரும்புகிறேன். காய்ச்சல் விட்டது நோயின் முடிவு, தேறுதலின் தொடக்கம். குளிப்பது, உடுத்துவது, வீட்டுக்குள் நடப்பது ஆகியவை களைப்பின்றி முடிகின்றனவா என்று முதலில் பாருங்கள். முடிந்தால், சமதளத்தில் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் 10 நிமிடம் நடக்கலாம். அடுத்த இரண்டு நாட்களும் உடல் சரியாக இருந்தால் மட்டுமே நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். வேகத்தையும் நேரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டக் கூடாது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு உழைப்பின் விளைவு உழைத்த அன்று தெரிவதில்லை; 12 மணி முதல் 72 மணி நேரம் வரை கழித்து, உடம்பே எழ முடியாத அசதியாகவும், தலைவலியாகவும், மூளை மந்தமாகவும் வந்து விழுகிறது. திங்கட்கிழமை உற்சாகமாக வீட்டையே துப்புரவு செய்தவர் புதன்கிழமை படுத்த படுக்கையாகிறார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை அவரும் உணர்வதில்லை. இப்படிப்பட்டவர்கள் மனவுறுதியால் உடலை உந்தித் தள்ளினால் நிலை மோசமாகவே செய்யும். அவர்கள் களைத்த பிறகு ஓய்வெடுப்பதை விட்டு, களைப்பதற்கு முன்பே ஓய்வெடுக்கப் பழக வேண்டும். காய் நறுக்குவதை அமர்ந்து செய்யலாம். குளிப்பதையும் துணி மடிப்பதையும் வெவ்வேறு வேளைகளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். நல்ல நாளிலும் முடிந்ததில் ஒரு பகுதியை மிச்சம் வைத்து நிறுத்தலாம். என் வீட்டில் தேறியவர்களில், இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டவரே விரைவில் பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்.

நடக்கும்போது மார்புவலி, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியிருக்கக்கூடும். அந்த நிலையில் செய்யும் கடும் உடற்பயிற்சி உயிருக்கே ஆபத்தானது. அலுவலகத்துக்குத் திரும்புபவர்கள் முதல் வாரத்தில் அரைநாளோ ஒன்றுவிட்டு ஒருநாளோ கேட்டுப் பெறுவது, ஒரு மாதம் கழித்து நீண்ட விடுப்பு எடுக்க நேர்வதைவிட அனைவருக்கும் நல்லது.

நினைவு தடுமாறுகிறது, தூக்கமும் இல்லை. இது இயல்பா?

பலருக்கு நேர்கிறது. சொல்ல வந்த சொல் நாக்கில் வராமல் நிற்பதும், ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துபோவதும் பெரும்பாலோருக்கு மெல்லச் சரியாகிவிடுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமானவற்றை எழுதிவையுங்கள், பணத்தையும் சட்டத்தையும் சார்ந்த முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். அச்சமும் துயரமும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீங்காமல் இருந்தால் அதையும் நோயின் பகுதியாகவே கருதி உதவி கேட்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைதூக்கினாலும், அதை அன்றைக்கே நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

முடி கொட்டுகிறதே?

காய்ச்சல் கண்ட இரண்டு, மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி உதிர்வது பலருக்கு நேர்கிறது. வேர்கள் சாகவில்லை, ஓய்வு நிலைக்குப் போய்விட்டன. பொதுவாக ஆறு மாதங்களில் தானாகவே நின்று மீண்டும் வளரும்.

குழந்தைகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் பற்றி?

பெரும்பாலான குழந்தைகள் லேசாகவே கடந்துவிடுகிறார்கள். ஆனால் தொற்றுக்கு 2 முதல் 6 வாரங்கள் கழித்து விடாத காய்ச்சலுடன் தோல் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுவலி, வாந்தி ஆகியவை சேர்ந்து வந்தால், அது பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி நோயாக இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாலூட்டும் தாய்க்குத் தொற்று இருந்தாலும், கைகளைக் கழுவி முகக்கவசம் அணிந்து தாய்ப்பால் கொடுப்பதைத் தொடரலாம். அதன் வழியே எதிர்ப்பாற்றல் பொருள்கள் குழந்தைக்குக் கிடைக்கின்றன.

எப்போது இதை நீடித்த கோவிட் என்று கருத வேண்டும்? வீட்டார் நம்பாவிட்டால் என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்த வரையறையின்படி, தொற்று தொடங்கி ஏறத்தாழ 3 மாதங்களுக்குப் பிறகும் அறிகுறிகள் இருந்து, அவை குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாதவையாக இருந்தால் அது கோவிட்டுக்குப் பிந்தைய நிலை எனப்படும். லேசான தொற்று கண்டவர்களுக்கும் இது வருகிறது. எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடி, தலைசுற்றுவதும் இதன் ஒரு வடிவம். அதைப் பதற்றம் என்று தவறாகக் கருதிவிடுவது உண்டு என்பதால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்த எண்களைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயம் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் கேட்டுப் பெறுங்கள். கோவிட்டின் மீது பழிபோட்டுவிட்டு வேறொரு நோயைத் தவறவிட்டுவிடக் கூடாது.

சோதனை முடிவுகள் எல்லாம் இயல்பாக வரும்போது, சோம்பல் என்றோ மனப்பிரமை என்றோ வீட்டார் சொல்லத் தொடங்குவது நோயாளிக்கு இரண்டாம் நோயாகிவிடுகிறது. நீடித்த கோவிட் என்ற பெயரையே நோயாளிகள்தாம் உலகுக்குக் கொடுத்தார்கள்; தொற்றிலிருந்து மீண்டுவந்துகொண்டிருந்த இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ 2020 மே மாதம் ட்விட்டரில் அதை முதலில் எழுதினார். அவர்கள் சொன்னதை மருத்துவ உலகம் பின்னர் ஏற்றுக்கொண்டது. ஆகவே வீட்டாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: தேறிவருபவர் முடியவில்லை என்று சொன்னால் காரணம் கேட்காமல் கையிலிருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது உடன் சென்று, அவர் மறந்துவிடக்கூடியவற்றை முதல் நாளிலிருந்து குறித்துவந்த அந்தத் தாளைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.